ரெண்டரை இஞ்சு

"எல்போ ஒண்ணு, பைப்பு மூணடி. ரெண்டரை இஞ்சுங்."
"பாத்ரூமுக்குங்களா, கெணத்துக்குங்களா?"
சென்னியப்பன் கடையில் இந்த இரண்டையும் விட்டால்
வேறு உலகம் கிடையாது.
"பானெட்டுக்குள்ளீங்" என்றேன்.
பில்லில் பாத்ரூம் என்றே எழுதினார்.

ஆறு நாள் மஞ்சி மில்லில் கணக்கு எழுதுகிறேன்,
எத்தனை டன் நார், எத்தனை லோடு தூள் என்று.
ஏழாம் நாள் என் ஜென்னுக்கு.
முந்தைய ஓனர் எல்.ஐ.சி. ஏஜெண்டு;
நாற்பதுக்கு மேல் மிதித்ததே இல்லை என்று
மாசாணியம்மன் மேல் சத்தியம் செய்து விற்றார்.
அதுதான் அதன் வியாதி.

பொடக்காணியில் துவைக்கிற கல்லோரம் நிறுத்தி
பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்தேன்.
ஏர் ஃபில்டருக்கு முன்னால் இன்னொரு டப்பா,
கறுப்பாக, வயிறு உப்பி,
உள்ளே ஒன்றுமே இல்லாமல்.
சத்தத்தை விழுங்குவதற்காம்.
அந்த ஒன்றுமில்லாததைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால்
கழற்றி எடுக்க முக்கால் மணி நேரம்.

பழைய குழாய் எஞ்சினின் சூட்டையே
திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது.
சூட்டுக் காற்று லேசு, வயிறு நிறையாது.
ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு கையகல இடம்,
அங்கே வெளிக்காற்று வரும்.
ஹேக்சா பிளேடு, உப்புத்தாள்,
கேஸ் அடுப்பில் வாட்டி
முட்டை வடிவுக்கு நசுக்கிய பைப்பு வாய்.
"கெரகம், என்னமோ பொசுங்குது பாரு"
என்றார் மாரப்பன், டிவியை விட்டு எழாமல்.
அவருக்கு வண்டி என்றால் சாவி.

அன்றைக்கு ஆடி ரெண்டு.
தென்னைகள் எல்லாம் கிழக்கே தலைவாரி நின்றன.
மேற்கே நெடுக மலை அடைத்துக் கிடக்க
பாலக்காட்டுப் பக்கம் மட்டும் விட்டுப்போன சந்து.
இத்தனை வருஷம் அதைக் கணவாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
அதுவும் ஒரு குழாய்தான்,
யாரோ டப்பாவைக் கழற்றிவிட்ட குழாய்.
உடுமலைக் காற்றாடி வரைக்கும்
அதன் வழியாக இழுத்த மூச்சுத்தான்.

கோபாலபுரம் ரோட்டில், வளைவில்லாத துண்டில்,
மடியில் போன், போனில் ஸ்டாப்வாட்ச்.
மிதித்தேன்.
இளநீரின் கடைசி மடக்கை ஸ்ட்ரா உறிஞ்சுமே,
அந்தச் சத்தம்,
ஆனால் காய் காலியாகவே இல்லை.
இரண்டாவது கியர், மூன்றாவது,
இன்னும் உறிஞ்சிக்கொண்டே.
நான் தனியாகச் சிரித்தேன்.
எதிரே வந்த டெம்போக்காரர்
ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

நின்ற இடத்திலிருந்து அறுபதுக்கு
முன்பு ஏழு புள்ளி நான்கு நொடி.
இப்போது ஏழு புள்ளி ஒன்று.
அது திரும்பி வரும்போது எடுத்தது,
காற்று முதுகில் இருந்தது,
என்பதை மாரப்பனிடம் சொல்லவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.

பதினோராம் நாள் ஒர்க்‌ஷாப் அபுதாகிர்
ஃபில்டரை உருவிப் பேப்பர் மேல் தட்டினார்.
ஒரு படி தேறும், காபிப்பொடி நிறத்தில்.
"உங்க மில்லு சரக்குத்தானுங்க" என்றார்.
"கம்பெனிக்காரன் வாயை உள்ள திருப்பி வெச்சது
சும்மா இல்லீங்க."
நான் லோடு எழுதி அனுப்பியதில்
கணக்கில் வராத ஒரு படி.

பழையபடி மாட்டிறலாமா என்று கேட்டார்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.
வாயைச் சற்றே கீழே திருப்பி,
கொசுவலை இரண்டு மடிப்பு வைத்து,
சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டினோம்.
அன்று பொழுதோடு அதே ரோடு, எதிர்க்காற்று.
ஏழு புள்ளி ஆறு.
முன்பை விட மோசம்.
சத்தம் மட்டும் அப்படியே.

தீபாவளிக்குப் பெயிண்ட் வாங்கப் போனபோது
சென்னியப்பன் மறக்காமல் கேட்டார்:
"அந்தப் பாத்ரூம் பைப்பு
லீக்கு கீக்கு ஏதும் இருக்குதுங்களா?"

இருக்குதுங்.